எல்லையோரச் சிற்றூரில் புற்றுநோய்ப் பணி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்பது நம் குடியிருப்பு முழுவதும் ஒரு குடும்பமாகக் கூடும் நன்னாள். இயலும் இசையும் நாடகமும் அரங்கேறும் இம்மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நாம் அனைவரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு செய்தியைக் கேட்பது ஆண்டுக்கு ஒரு முறையே. அந்த ஒரு முறையை வீணாக்க மனம் வரவில்லை. மேலும், புற்றுநோய் என்னும் சொல்லையே வீட்டில் உரைக்க அஞ்சி, "அந்த நோய்" என்று குரல் தாழ்த்திச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உள்ளது. பெயர் சொல்ல அஞ்சும் பகையை வெல்லுதல் அரிது. ஆதலின், மங்கல நாளிலேயே அதன் பெயரை உரக்கச் சொல்லித் தொடங்குவோம்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் ஆகியோர் அந்நால்வர். மருந்தையும் ஓர் ஆளாகவே எண்ணிப் பார்க்கலாம். இந்நான்கில் எது குறைந்தாலும் மருத்துவம் முழுமையடையாது. பொருள் வளம் குன்றிய ஓர் ஊரில் புற்றுநோய்ப் பணியை எப்படிக் கட்டி எழுப்புவது என்ற கேள்விக்கும் இப்பகுப்பே நமக்கு வழிகாட்டும்.

முதலில் நாம் வாழும் மண்ணின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. குளத்தூரும் பாறசாலையும் எல்லைக்கு இப்பாலும் களியக்காவிளை அப்பாலும் ஆயின. நிலத்தில் கோடு விழுந்தது. நோய்க்குக் கோடு தெரியாது. இருபுறமும் ஒரே வெற்றிலை, ஒரே பாக்கு, ஒரே முறுக்கான் கடை, ஒரே நோய்.

இந்நோய் இம்மண்ணில் புதியதன்று. களியக்காவிளை கடந்து மார்த்தாண்டம் வழியே சென்றால் நெய்யூர் என்னும் ஊர் வரும். 1838-ஆம் ஆண்டில் மருத்துவத் தொண்டு தொடங்கிய இடம் அது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய கட்டுரையை 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே நெய்யூரைச் சேர்ந்த மருத்துவர் ஆர், வெற்றிலை போடுவோரிடம் காணும் வாய்ப்புற்றை ஆராய்ந்து 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் ஏறிய குழுக்களில் இடம் பெற்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், இலண்டனில் காத்திருந்த உயர்வை விடுத்து இந்நெய்யூரில் பல்லாண்டு தொண்டாற்றினார். உலக மருத்துவ ஏடுகளில் நம் பகுதியின் பெயர் வாய்ப்புற்றோடு சேர்த்து எழுதப்பெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அப்பெருமை நமக்கு வேண்டாம். ஆனால் அதிலிருந்து ஓர் உண்மை விளங்கும்: காரணத்தை அன்றே கண்டனர்; வழக்கத்தை நாம் இன்றும் விடவில்லை.

இனி, நான்கு கூறுகளில் முதலாவதாகிய நோயுற்றவரைக் காண்போம்.

நோயுற்றவர் நோயை அறியாதிருத்தலே நம் முதற் குறை. வாய்ப்புற்று பெரும்பாலும் ஒரே நாளில் தோன்றி விடுவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம், அல்லது சிவந்த திட்டு, அல்லது வாயை முன்போல் விரிக்க இயலாத இறுக்கம் முதலியன பல ஆண்டுகட்கு முன்னரே தோன்றி எச்சரிக்கக் கூடும். மூன்று வாரங்களாகியும் ஆறாத புண் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டிய புண். தொடக்கத்தில் வலி இராது, அதனாலேயே காட்டமாட்டோம். வலி வந்து, கழுத்தில் கட்டி திரண்டு, உணவு இறங்காதபோது ஓடுவோம். தொடக்கத்தில் ஒரு சிறு அறுவையில் முடிந்திருக்கக் கூடியது அப்போது தாடையையே எடுக்கும் பெரும் அறுவையாக வளர்ந்து நிற்கும்.

காட்டாமைக்கு வேறு காரணங்களும் உண்டு. கத்தி பட்டால் நோய் பரவும் என்பது ஒன்று. சதைத் துணுக்கு எடுத்து ஆய்வது நோயை இன்னதென அறிவதற்கேயாம். அதற்கு அஞ்சி நாள் கடத்துவதே நோய் பரவ இடந்தருகிறது. தொட்டால் தொற்றும் என்பது மற்றொன்று. தொற்றாது, நோயுற்றவர்க்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைப்பது அவரை உயிரோடு ஒதுக்கி வைப்பதாகும். மூன்றாவது, வீட்டில் மணப்பருவத்துப் பெண் இருக்கும்போது செய்தி வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்னும் அச்சம். மார்பில் கட்டி கண்ட தாய்மார் கணவரிடமும் கூறாது ஆண்டு முழுவதும் மறைத்து வைப்பது நம் வீடுகளில் நடப்பதே. இவ்வச்சங்களை மருத்துவமனை போக்காது. பக்கத்து வீட்டாரின் நாவே இவற்றை வளர்த்தது; அந்நாவே இவற்றைக் களையவும் வேண்டும்.

இரண்டாவது கூறு மருத்துவர். இங்கு நாம் பெரிதும் நற்பேறு உடையோம். 1981-இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் நிறுவப்பெற்றது. மருத்துவர் மு. கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநராக இருந்து அதை வளர்த்தார். கேரளத்தவர் மட்டுமன்றித் தென் தமிழ்நாட்டு மக்களும் அங்கு வந்து சிகிச்சை பெறுகின்றனர். 1986-இல் அம்மையம், ஒருவர் நலமாயிருக்கும்போதே சிறு தொகையை ஒரு முறை செலுத்தினால் பின்னாளில் புற்றுநோய் வந்தால் உதவும் ஒரு காப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழை நாட்டில் சிகிச்சையின் விலையைப் பலர் பகிர்ந்து சுமக்கும் வழியை அது அன்றே காட்டியது.

சிறிதாகத் தொடங்குவதற்கு நாணவேண்டியதில்லை என்பதற்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சான்று. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், பல்லாண்டு முயன்று 1954-இல் 12 படுக்கைகளுடன் அதைத் தொடங்கி வைத்தார். அவர் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தா அம்மையாரும் அதனைத் தம் வாழ்வாகவே கொண்டனர். சாந்தா அம்மையார் 2021-இல் மறையும் வரை அவ்வளாகத்திலேயே வாழ்ந்தார். பணம் நிரம்பிய பின் பணியைத் தொடங்குவோம் என்று அவர்கள் காத்திருந்தால் அந்நிலையம் இன்றும் தோன்றியிராது.

எனினும், பெருமருத்துவமனை ஒன்று அருகிலிருந்தால் மட்டும் போதுமா? நம் வாயிற்படிக்கும் அம்மருத்துவமனையின் வாயிற்படிக்கும் இடையே உள்ள வெளியிலேதான் நம்மவர் தவறி விழுகின்றனர். அவ்வெளியை யார் நிரப்புவது? எல்லா ஊருக்கும் புற்றுநோய் மருத்துவரை அனுப்ப எந்த நாட்டாலும் இயலாது. ஆனால் மருத்துவரல்லாதார் செய்யத்தக்க பணி உண்டு என்பதை இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டும் நம்மைச் சுற்றியே நடந்தவை.

ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்தது. 1996-இல் தொடங்கி, 13 ஊராட்சிப் பகுதிகளில், 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 1,90,000 மக்களிடையே நிகழ்ந்தது அது. ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்து, ஐயத்துக்குரியவரை மருத்துவரிடம் அனுப்பினர். ஆறு பகுதிகள் ஒப்பீட்டுக்காக வழக்கமான நிலையில் விடப்பெற்றன. மருத்துவர் சங்கரநாராயணன் முதலியோர் 2005-இல் வெளியிட்ட முடிவு இது: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே, வாயைப் பரிசோதித்த பகுதிகளில், வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. பழக்கம் இல்லாதாரிடம் அத்தகைய பயன் தெளிவாகப் புலப்படவில்லை. இதிலிருந்து நாம் கற்பது யாது? கைப்பொருள் குறைவாயின், பழக்கம் உடையோரை முதலிற் சென்று காணுதல் வேண்டும்.

மற்றொன்று திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ நிலையத்தைச் சார்ந்து நடந்தது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கருப்பை வாயைச் சோதித்தனர். நுண்கருவி எதுவுமில்லை, வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டுத் தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் நோக்கினர். தொடக்க நிலை மாற்றம் கண்டால் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையையும் செவிலியரே அளித்தனர். 2007-இல் வெளியான முடிவின்படி அந்நோய் 25 விழுக்காடும் அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. சமையற்கட்டில் உள்ள ஒரு பொருளின் சாரமும், பழகிய கண்ணும், ஊர்ப் பெண்களின் நம்பிக்கையும் சேர்ந்து உயிர் காத்தன. வளமின்மை என்று சொல்லிக் கைகட்டி நிற்போர்க்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டுமோ?

மூன்றாவது கூறு மருந்து. குணமாக்கும் மருந்துகளைப் பற்றி மருத்துவர் கூறுவர். நாம் இங்குப் பேச விரும்புவது வலியைத் தணிக்கும் மருந்தைப் பற்றி. முற்றிய புற்றுநோயின் வலி எத்தகையது என்பதை அருகிருந்து கண்டவர் அறிவர். மார்பின் என்னும் மருந்தை வாய்வழியாக உரிய அளவில், உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோர்க்கு அவ்வலி தணியும்; அதன் விலையும் மிகக் குறைவு. அதற்கு மூலமாகிய அபினியை அரசின் கண்காணிப்பில் பயிரிடும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. அவ்வாறிருந்தும், போதைப் பொருள்களைத் தடுக்க 1985-இல் இயற்றிய கடுஞ்சட்டத்தின் விளைவாக மருத்துவமனைகளே மார்பினை வாங்கி வைக்க அஞ்சின. விளைவித்த நாட்டிலேயே நோயாளர் கதறி மடிந்தனர்.

இந்நிலையை மாற்ற முன்னின்றது நாம் வாழும் இந்தக் கேரளமே. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அடுத்து மலப்புறம் முதலிய இடங்களில் ஊர்மக்களே கூடி, பயிற்சி பெற்று, படுக்கையிலுள்ள நோயாளரின் வீடு தேடிச் சென்று பணி செய்யும் முறை பரவியது. 2003-இல் இராஜகோபால் அவர்கள் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அமைப்பை நிறுவினார். 2008-இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பணிக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சிகளின் வாயிலாக வீடு தேடி வரும் செவிலியர் பணி அதன் பின் பரவியது. 2014-இல் மத்திய அரசின் சட்டமும் திருத்தப்பெற்று, ஏற்பு பெற்ற மருத்துவ நிலையங்கள் மார்பினை வைத்திருப்பது எளிதாயிற்று. ஆகவே, நம் வீட்டில் ஒருவர் வலியால் துடிக்கும்போது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற சொல்லை நாம் ஏற்க வேண்டியதில்லை. குணமாக்க இயலாத நிலையிலும் செய்யத்தக்கது நிரம்ப உண்டு. வலி தணிப்பைக் கேட்டுப் பெறுவது நோயாளரின் உரிமை.

நான்காவது கூறு அருகிருந்து பணி செய்பவர். இதுவே நம் சங்கத்தின் இடம். மருத்துவத்தின் நான்கு கால்களில் மற்ற மூன்றும் வேறிடத்திலிருந்து வரலாம். இந்த ஒன்றை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து தரமாட்டார்.

வேலை தேடி இங்கு வந்த நம் குடும்பங்களின் நிலையைச் சிந்தியுங்கள். கதிரியக்கச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரத்துக்கு மேலும் தொடரும். நாட்கூலி பெறுபவர் அத்தனை நாள் எப்படிச் செல்வார்? உடன் செல்பவரின் கூலியும் போகும். பேருந்துக் கட்டணம், சோற்றுச் செலவு, தங்குமிடம் இவற்றுக்கு அஞ்சிப் பாதியில் நின்றுவிடுவோர் உளர். பாதியில் நின்ற சிகிச்சை, செய்த செலவையும் பட்ட துன்பத்தையும் வீணாக்கும். மருத்துவர் மலையாளத்தில் கூறியதை முழுதும் விளங்கிக் கொள்ளாது, தலையை மட்டும் அசைத்துவிட்டு வீடு திரும்பும் மூதாட்டியரும் நம்மிடையே உண்டு.

எல்லைக் கோடு இங்கே மீண்டும் குறுக்கிடுகிறது. தமிழ்நாட்டில் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் ஒரு திட்டம் உண்டு. கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரட்சா திட்டம் உண்டு. எதில் ஒருவர்க்கு இடமுண்டு என்பதை அவருடைய குடும்ப அட்டை எந்த மாநிலத்தது, அதில் யார் யார் பெயர் உள்ளன என்பவை பெரிதும் முடிவு செய்கின்றன. அட்டை ஊரில், ஆள் இங்கே என்று பல குடும்பங்கள் இருக்கின்றன. நோய் வந்தபின் அட்டையைத் தேடி அலைவதில் கழியும் வாரங்கள் நோய்க்குக் கிடைக்கும் வாரங்கள்.

ஆதலின் நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க ஐந்து பணிகளை இந்த அவைமுன் வைக்கிறோம். எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை.

முதலாவது, ஆண்டுக்கு இரு முறை வாய்ப் பரிசோதனை நாள். பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ நெய்யாற்றின்கரையிலுள்ள அரசு மருத்துவமனையிலோ உள்ள மருத்துவரை வேண்டி அழைப்போம். வெற்றிலை, புகையிலை, பீடிப் பழக்கம் உடையோரைப் பெயர் குறித்து, வீடு சென்று அழைத்து வருவோம். 30 வயது கடந்த தாய்மார்க்குக் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனைகட்குச் சேர்ந்து செல்லும் நாளும் குறிப்போம். தனியே செல்ல நாணுவோர் பதின்மராகச் சென்றால் நாணார்.

இரண்டாவது, துணைவர் குழு. தமிழும் மலையாளமும் நன்கு அறிந்த ஆடவரும் பெண்டிரும் சிலர் முன்வந்து, நோயாளரோடு மருத்துவமனைக்குச் சென்று, கேட்டதைத் தமிழில் விளக்கி, அடுத்து வரவேண்டிய நாளைக் குறித்து வைத்தல் வேண்டும். பள்ளியிறுதி முடித்த நம் இளைஞர்கள் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்.

மூன்றாவது, குடும்பந்தோறும் ஆவணங்களைச் சீர்செய்தல். குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை இவற்றை நலமாயிருக்கும்போதே சரிபார்த்தல்.

நான்காவது, வழிச்செலவு நிதி. சிகிச்சைச் செலவு முழுவதையும் நம்மால் ஏற்க இயலாது. அவ்வாறு வாக்களித்தலும் தகாது. பேருந்துக் கட்டணமும் வீட்டு அரிசியும் இல்லாமையால் எவரும் சிகிச்சையை நிறுத்தாதவாறு காக்க நம்மால் இயலும். அதைக் கொடுக்கும்போது மேடைக்கு அழைத்துப் படம் பிடிக்கும் வழக்கம் வேண்டா. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம். ஊருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. நோயாளரின் பெயர் குழுவுக்கு வெளியே செல்லலாகாது. கமுக்கம் காக்கப்படாவிடில் அடுத்தவர் நோயைச் சொல்ல மாட்டார்.

ஐந்தாவது பணி எளிது. ஆயினும் சொல்லத் தயக்கமாயிருக்கிறது. நம் விழாக்களில் வரவேற்பு மேசைமீது வைக்கும் தாம்பூலத் தட்டிலிருந்து புகையிலையை நீக்குதல் வேண்டும். புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருள் புற்றை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1985-லேயே உரைத்தது. புகையிலை சேராத பாக்கும் புற்றை விளைவிக்கும் என்று 2004-இல் வெளியான அதன் தொகுதி அறிவித்தது. தாம்பூலம் நம் மரபின் மதிப்புக்குரிய அடையாளம். மணவுறுதிக்கே நிச்சயதாம்பூலம் என்று பெயரிட்டவர் நாம். வெற்றிலையைத் தட்டில் வைத்து மதிப்புச் செய்வதை எவரும் தடுக்கவில்லை. மரபு தட்டிலேயே நிறைவுறும். கன்னத்தில் அதக்கி வைத்தால்தான் நிறைவுறும் என்று எந்தப் பெரியோரும் கூறவில்லை. பாட்டனார் 80 வயது வரை முறுக்கான் போட்டு நலமாயிருந்தார் என்று வாதிப்போர் உளர். ஆற்றை நீந்திக் கடந்தவர் கரையில் நின்று கதை சொல்வர். மூழ்கியவர் வந்து கதை சொல்வதில்லை.

நெடுநாள் பழகிய முதியோரிடம் இதைக் கடிந்து கூறுதல் கூடாது. பிடுங்கி எறிந்தால் ஒளித்துப் போடுவர். முதலில் புகையிலையை விடச் செய்து, உறங்கும்போது வாயில் அதக்கும் வழக்கத்தை நிறுத்தி, பின்பு பாக்கையும் குறைத்து, இடையிடையே வாயைக் காட்டச் செய்தலே நல்வழி. பிள்ளைகளிடம் மட்டும் இளக்கம் கூடாது. கேரள அரசு 2012-இல் குட்காவைத் தடை செய்தது; ஆயினும் கடையோரத்தில் மறைவாக விற்பது நின்றபாடில்லை. பள்ளி செல்லும் பையனின் சட்டைப் பையைத் தாய் பார்ப்பதில் தவறில்லை.

பெருமக்களே, எந்திரங்களையும் படுக்கைகளையும் அரசு கட்டட்டும். அவற்றுக்குச் செல்லும் வழியில் நம்மவர் கையைப் பிடித்து நடத்திச் செல்வதை நாம் மேற்கொள்வோம். அடுத்த ஆண்டு விழாவில் கணக்கு வாசிக்கும்போது, வரவு செலவோடு இன்னும் மூன்று எண்களும் வாசிக்கப்பட வேண்டும் என்பது எம் விழைவு: எத்தனை பேர் வாயைக் காட்டினர், எத்தனை பேர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர், அவர்களுள் எத்தனை பேர் சிகிச்சையை முடித்து வந்தனர். மூன்றாவது எண் இரண்டாவதற்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறதோ அவ்வளவே நம் சங்கத்தின் வளர்ச்சி.

துணைவர் குழுவில் சேர விரும்புவோர் இன்று கலை நிகழ்ச்சிகள் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.